உண்ணிச்செடி செட் (3 பாட்டில்) ரிவ்யூ: ஸ்ப்ரே பரவால்ல, கொசு எண்ணெய் சுமார், ஈரல் சொட்டு மருந்த தொடவே தொடாதீங்க

உண்ணிச்செடி இலைச்சாறுல செஞ்சதுன்னு சொல்லி மூணு பாட்டில ஒரே பெட்டியில போட்டு விக்கிறாங்க. ஒண்ணு செடிக்கு அடிக்கிற பூச்சி ஸ்ப்ரே, இன்னொண்ணு கை கால்ல தடவுற கொசு எண்ணெய், மூணாவது "ஈரல சுத்தம் பண்ணும்"னு போட்ட சொட்டு மருந்து. கம்பெனி பேரு போடல, ஏன்னா இதே சரக்க வேற வேற லேபிள்ல நிறைய பேரு விக்கிறாங்க, நான் எழுதப்போறது அத்தனைக்கும் பொருந்தும். முடிவ முதல்லயே சொல்லிடுறேன், முழுசா படிக்க நேரம் இல்லாதவங்களுக்கு: ஸ்ப்ரே சில பூச்சிக்கு நல்லாவே வேலை செய்யுது, எண்ணெய் கொஞ்ச நேரம் தாங்குது, சொட்டு மருந்து ஆபத்து, வாங்கிட்டீங்கன்னா திறக்காம ஓரமா எடுத்து வைங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம.

மூணுமே ஒரே செடிதான, அப்புறம் எப்படி ஒண்ணு நல்லது ஒண்ணு கெட்டதுன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். இந்த செடிக்குள்ள இருக்கிற கெமிக்கல் சமாச்சாரம் ரொம்ப சுவாரசியமானது, ஆனா லேபிள்ல அத பத்தி ஒரு வரி கூட கிடையாது.

முதல்ல செடி. லாண்டானா கமாரான்னு பேரு, பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. பூ அழகா இருக்குன்னு தோட்டத்துக்கு கொண்டு போனாங்க, அங்கேர்ந்து தப்பிச்சு ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுன்னு எல்லா பக்கமும் காட்டுக்குள்ள பூந்துடுச்சு. உலகத்துல மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள்னு ஒரு பட்டியல் இருக்குல்ல, அதுல இதுவும் உண்டு. ஆஸ்திரேலியாவுல மட்டும் 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல பரவியிருக்கு. ஒரே செடின்னு நினைக்காதீங்க, தோட்டத்துக்காக கலந்து கலந்து உருவாக்கினதுல 650 ரகம் கிட்ட இருக்குன்னு சொல்றாங்க, பூ நிறம் வேற, முள்ளு வேற, உள்ள இருக்கிற சரக்கும் வேற. இந்த கடைசி விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

சரி ஸ்ப்ரேக்கு வரேன். பாட்டில திறந்த உடனே இலைய கசக்கினா வர்ற அதே காரமான நெடி வருது, அது நல்ல அறிகுறிதான், வாசனை எண்ணெய் இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், அடியில வண்டல் படியுது, ஒவ்வொரு தடவையும் நல்லா குலுக்கணும், குலுக்காம அடிச்சா மேல இருக்கிற தண்ணிதான் வருது, கடைசியில கெட்டியா வந்து நாசில் அடைச்சுக்குது. நாசில் ரொம்ப மெல்லிசு, வடிகட்டி ஊத்தினாத்தான் ஒழுங்கா அடிக்குது. இதுக்கு ஒரு மார்க் குறைச்சுக்கிறேன்.

ரோஜா கொழுந்துல அசுவினி மொய்ச்சு கெடந்துச்சு, அதுலதான் முதல் டெஸ்ட். இந்த மாதிரி இயற்கை பூச்சி விரட்டி ரிவ்யூல எல்லாரும் அடிச்சேன், செத்துச்சு, சூப்பர்னு எழுதிடுறாங்க, ஆனா இந்த பாட்டில்கள்ல இலையில ஒட்டுறதுக்காக சோப்பு கரைசல் கலந்திருப்பாங்க, சோப்பு தண்ணியே அசுவினிய கொல்லும், அதனால எது கொன்னுச்சுன்னு எப்படி தெரியும்? நான் ஒரே செடியில மூணு கிளைய பிரிச்சு, ஒண்ணுல இந்த ஸ்ப்ரே, ஒண்ணுல மென்மையான சோப்பு தண்ணி மட்டும், ஒண்ணுல வெறும் தண்ணின்னு அடிச்சேன், இலை அடிப்பக்கமும் நனையிற மாதிரி.

மறுநாள் காலையில லென்ஸ் வச்சு பாத்தா, வெறும் தண்ணி அடிச்ச கிளையில அசுவினி எல்லாம் மறுபடி ஏறி கொழுந்துல மூக்க குத்திகிட்டு சௌக்கியமா இருக்கு. சோப்பு தண்ணி கிளையில முக்காவாசி செத்துடுச்சு, உடம்பு சுருங்கி பழுப்பாகி இலையிலேயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஸ்ப்ரே கிளையிலயும் கிட்டத்தட்ட அதே அளவு சாவுதான். அதாவது முதல் நாள் சாவுல பாதிக்கு மேல சோப்போட வேலைன்னு எனக்கு தோணுது. ஆனா அடுத்தடுத்த நாள்லதான் வித்தியாசம் தெரிஞ்சுது, சோப்பு கிளையில றெக்கை மொளச்ச அசுவினி வந்து உக்காந்து குட்டி போட ஆரம்பிச்சிடுச்சு, உண்ணிச்செடி ஸ்ப்ரே அடிச்ச கிளைக்கு வந்தது உக்காந்து பாத்துட்டு கிளம்பிடுச்சு, புதுசா கூட்டம் சேரவே இல்ல, நெடி போன அப்புறம்தான் மெதுவா வந்துச்சு. கொல்றத விட விரட்டுறதுலதான் இந்த ஸ்ப்ரேவோட பலம். லேபிள்ல "உடனே அழிக்கும்"னு போட்டிருக்காங்க, "வரவிடாது"ன்னு போட்டிருந்தா உண்மையா இருந்திருக்கும்.

செம்பருத்தியில மாவுப்பூச்சிக்கு அடிச்சது வேஸ்ட். அது மேல இருக்கிற வெள்ள மெழுகுல துளி முத்து முத்தா உருண்டு ஓடிடுது, உள்ள போகவே இல்ல. பஞ்சுப்பொதி மாதிரி இருக்கிற முட்டைப்பைக்கு ஒண்ணுமே ஆகல. பஞ்சால தொடச்சு மெழுக எடுத்துட்டு அடிச்சா கேக்குது, ஆனா தொடச்சதுலயே பாதி வேலை முடிஞ்சிடுதே. வெள்ளை ஈ கொஞ்சம் குறைஞ்சுது. செஞ்சிலந்திக்கு சுமார். இலை தின்னுற பெரிய புழுவுக்கு சுத்தமா பலிக்கல, அடிச்ச இலைய விட்டுட்டு பக்கத்து இலைக்கு போய் தின்னுச்சு, அவ்ளோதான்.

இப்ப ஏன் இப்படின்னு பாப்போம், இதுதான் எனக்கு பிடிச்ச பகுதி.

உண்ணிச்செடி இலைக்குள்ள ஒரே ஒரு விஷம்னு கிடையாது, மூணு நாலு கூட்டம் இருக்கு. முதல் கூட்டம் வாசனை எண்ணெய்: பீட்டா காரியோஃபிலீன், ஹியூமுலீன், ஜெர்மக்ரீன் டி, சில இடத்து செடியில சினியோல், டாவனோன்னு ஆவியாகிப் போற சமாச்சாரங்கள். பூச்சிய விரட்டுறதும், மூடின டப்பாக்குள்ள புகை மாதிரி பரவி வண்ட கொல்றதும் பெரும்பாலும் இதுதான். மக்காச்சோளத்த துளைக்கிற வண்டு மேல இந்த எண்ணெய வச்சு ஆய்வு பண்ணிருக்காங்க, நல்லாவே கொல்லுது, இன்னொரு களையான அஜெரேட்டம் செடியோட எண்ணெய் இத விட பலம், கம்யூனிஸ்ட் பச்சைன்னு சொல்ற குரோமோலீனா ரொம்ப பலவீனம். ஆனா ஆவியாகிற சரக்குங்கிறதால வெயில்ல சீக்கிரம் போயிடும், ஸ்ப்ரேயோட பவர் கொஞ்ச நாள்ல இறங்குறதுக்கு இதுதான் காரணம்.

இரண்டாவது கூட்டம் ட்ரைடெர்பினாய்டு, அதாவது வளையம் வளையமா கோத்த பெரிய மூலக்கூறுகள். இதுல பெரிய தல லாண்டடீன் ஏ, லாண்டடீன் பி. ரெண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி, ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, பக்கவாட்டுல தொங்குற ஒரு சின்ன கிளையோட வடிவம் மட்டும் வேற. கூடவே ஓலியனோலிக் அமிலம், உர்சோலிக் அமிலம், கமாரினிக் அமிலம்லாம் இருக்கு. வேர்ல முடிச்சு முடிச்சா வர வைக்கிற நூற்புழு இருக்குல்ல, அத கொல்ற தன்மை கமாரினிக் அமிலத்துக்கும் லாண்டனோசைடுன்னு ஒரு ஃப்ளேவனாய்டுக்கும் இருக்குன்னு ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க. மூணாவது, வெர்பாஸ்கோசைடு மாதிரி ஃபீனாலிக் சமாச்சாரம், கிருமிய எதிர்க்கிற தன்மை இதுக்கு உண்டு, உண்ணிச்செடியில மட்டும் இல்லாம வேற நிறைய செடியிலயும் இருக்கு.

முக்கியமான பாயின்ட் என்னன்னா, லாண்டடீன் மாதிரி ஆளுங்க தண்ணியில சரியா கரைய மாட்டாங்க. இலைய தண்ணியில கொதிக்க வச்சு எடுத்தா வெர்பாஸ்கோசைடு, சர்க்கரை ஒட்டின ஃப்ளேவனாய்டு எல்லாம் வரும், வாசனை எண்ணெய் ஆவியில போயிடும், லாண்டடீன் பெரும்பாலும் சக்கையிலேயே தங்கிடும். அதே இலைய ஆல்கஹால்ல ஊறப்போட்டா லாண்டடீன் சேந்து இறங்கி வந்துடும். நீராவியில காய்ச்சி வடிச்சா வாசனை எண்ணெய் மட்டும் தனியா வரும். ஆக ஒரே மூட்டை இலையில இருந்து மூணு சம்பந்தமே இல்லாத பாட்டில் வரும். அதோட முன்னாடி சொன்ன ரகம் பிரச்சனை, சிவப்பு பூ ரகங்கள் நிறையதுல விஷம் ஜாஸ்தி, வேற ரகங்கள்ல லாண்டடீன் கம்மி, எண்ணெயோட கலவை சீசனுக்கு சீசன், இடத்துக்கு இடம் மாறும்.

இப்ப லேபிள எடுத்து பாருங்க. "உண்ணிச்செடி சாறு, 100% இயற்கை." முடிஞ்சுது. எந்த பாகம், எதுல எடுத்தது, எவ்ளோ சதவீதம், ஒண்ணும் இல்ல. வேம்பு பூச்சி மருந்து வாங்கினா அசாடிராக்டின்ங்கிற வேலை செய்ற சரக்கு இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்கு)னு தெளிவா போட்டிருக்கும், அத வச்சு எவ்ளோ தண்ணி கலக்கணும்னு கணக்கு போடலாம், போன பாட்டிலும் இந்த பாட்டிலும் ஒண்ணான்னு பாக்கலாம். இதுல அதெல்லாம் முடியாது. நான் ரெண்டாவதா வாங்கின ஸ்ப்ரே பாட்டில் முதல் பாட்டில விட வெளிறின நிறம், நெடியும் கம்மி, வேலையும் கம்மி, அதே லேபிள், அதே அளவு கலக்கச் சொல்லி. கம்பெனிக்கு மெயில் போட்டு எந்த சால்வென்ட் (சாற இறக்குற திரவம்), லாண்டடீன் எவ்ளோன்னு கேட்டேன், முழுக்க முழுக்க இயற்கை, பக்க விளைவு இல்லைன்னு பதில் வந்துச்சு. கேட்ட கேள்விக்கு பதில் அது இல்லையே.

இன்னொரு எச்சரிக்கை, இது எந்த ரிவ்யூலயும் நான் பாக்கல. நாத்துக்கு, அப்பத்தான் மொளச்ச செடிக்கு இந்த ஸ்ப்ரேய அடிக்காதீங்க. "எல்லா செடிக்கும் ஏத்தது"ன்னு போட்டிருக்காங்க, ஆனா என் நாத்து தட்டுல அடிச்ச பக்கம் இலை ஓரம் காஞ்சு, வளர்ச்சி அப்படியே நின்னுடுச்சு, அடிக்காத பக்கம் நல்லா வந்துச்சு. காரணம் யோசிச்சா ஆச்சரியமே இல்ல. உண்ணிப்புதர் கீழ வேற செடி லேசுல வராது, நிழல் ஒரு காரணம், இலையில இருந்தும் வேர்ல இருந்தும் மண்ணுக்குள்ள இறங்குற ஃபீனாலிக் சமாச்சாரங்கள் இன்னொரு காரணம், பக்கத்துல விதை முளைக்கிறதையும் வேர் ஓடுறதையும் அதுங்க அமுக்கிடும். இலைச்சாறு வெங்காயத்தாமரையவே வாட வைக்குதுன்னு ஆய்வு இருக்கு, அவ்ளோ முரட்டு களையவே வாட்டுதுன்னா பிஞ்சு நாத்து என்ன பாடுபடும். பூச்சிக்கு மட்டும் விஷம், செடிக்கு பாலுன்னு எந்த சாறும் வேலை செய்யாது. வளந்த செடின்னாலும் முதல்ல ஒரு இலையில அடிச்சு ரெண்டு நாள் பாத்துட்டு அப்புறம் முழுசா அடிங்க.

லேபிள் பின்பக்கம் சின்ன எழுத்துல "தானியத்துலயும் கலக்கலாம்"னு ஒரு வரி வேற. இதுல பாதி உண்மை. உருளைக்கிழங்க சேமிக்கும்போது மேல உண்ணிச்செடி இலைய பரப்பி மூடி வச்சா கிழங்கு அந்துப்பூச்சி சேதம் நல்லா குறையுதுன்னு விதைக்கிழங்கு வச்சு பாத்த ஆய்வுகள் இருக்கு, பல நாட்டு விவசாயிங்க செய்ற வழிதான். பயறு துளைக்கிற வண்டு மேலயும் பலன் இருக்கு. ஆனா அதெல்லாம் விதைக்கு. சாப்பிடப்போற தானியத்துல இந்த இலைப்பொடியையோ ஸ்ப்ரேயையோ கலக்கவே கூடாது, ஏன்னு கீழ மூணாவது பாட்டில் பத்தி படிச்சா புரியும்.

கொசு எண்ணெய். இது தேங்காய் எண்ணெய்ல பூச்சாறு கலந்ததுன்னு போட்டிருக்கு, பரவால்ல இதுலயாவது பூன்னு ஒரு தகவல் இருக்கு. 1996ல வந்த ஒரு ஆய்வுல இதே மாதிரி பூச்சாற தேங்காய் எண்ணெய்ல கலந்து டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு மேல பாத்தாங்க, 94.5% பாதுகாப்பு கிடைச்சுது, ஆனா சராசரியா 1.9 மணி நேரம்தான். என் அனுபவத்துல அது கூட இல்ல, சாயங்காலம் தடவினா ஒரு மணி நேரம் நிம்மதி, அப்புறம் கடி ஆரம்பிக்குது, திரும்ப தடவணும். பெட்டியில "இரவு முழுவதும்"னு எழுதிருக்கிறது நடக்காத காரியம். ஒப்பிட்டு பாக்க ஒரு கணக்கு: 2002ல வந்த ஆய்வுல 24% கிட்ட டீட் (கொசு விரட்டிகள்ல வழக்கமா சேக்குற ரசாயனம்) இருக்கிற மருந்து சராசரியா 5 மணி நேரம் தாங்கிச்சு. டெங்கு மாதிரி காய்ச்சல் சுத்துற நேரத்துல இந்த எண்ணெய நம்பி குழந்தைய வெளிய அனுப்பாதீங்க, சும்மா வாசல்ல உக்காந்து பேசுற நேரத்துக்கு ஓகே. தோல் சென்சிடிவா இருக்கிறவங்க முழங்கை உள்பக்கம் கொஞ்சமா தடவி பாத்துட்டு யூஸ் பண்ணுங்க, இந்த இலையோட சொரசொரப்பே சிலருக்கு அரிப்பு குடுக்கும்.

செடியையே வீட்ட சுத்தி நட்டா கொசு வராதுன்னு பெட்டிக்குள்ள ஒரு துண்டு காகிதமும் வச்சிருக்காங்க. தான்சானியாவுல வீட்ட சுத்தி உண்ணிச்செடி நட்டு பாத்த ஆய்வுல வீட்டுக்குள்ள கொசு நிஜமாவே குறைஞ்சுதுதான். ஆனா அதே கிழக்கு ஆப்பிரிக்காவுல உண்ணிப்புதருக்குள்ள தூக்க நோய பரப்புற செட்சி ஈ ஒதுங்கி வாழுது, அதனால அங்க புதர வெட்டுங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஒரு ஆக்கிரமிப்பு செடிய வீட்டுக்கு வீடு நடச் சொல்றது பொறுப்பான வேலை கிடையாது, பழத்த குருவி தின்னுட்டு எங்கெங்க போய் எச்சம் போடுமோ அங்கெல்லாம் அடுத்த புதர் ரெடி.

இப்ப மூணாவது பாட்டில். இதுக்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

"ஈரல சுத்தம் பண்ணும், தினமும் காலையில 10 சொட்டு." இந்த செடிக்கு மருத்துவ உலகத்துல, குறிப்பா கால்நடை மருத்துவத்துல ரொம்ப நல்லா தெரிஞ்ச ஒரு விஷயம் உண்டுன்னா அது ஈரல கெடுக்கும்ங்கிறதுதான். மேய்ச்சல் இல்லாத காலத்துல மாடு ஆடு வேற வழி இல்லாம இந்த இலைய தின்னுடும். லாண்டடீன் ஏ ரத்தத்துல ஏறி ஈரலுக்கு போய், பித்தநீர் ஓடுற நுண்ணிய வாய்க்கால அடைச்சுடும். பித்தநீர் வெளிய போக முடியாம மஞ்சக்காமாலை வரும். அதோட நிக்காது. மாடு தின்னுற பச்சை இலையில இருக்கிற பச்சையத்த அதோட வயித்துல இருக்கிற நுண்ணுயிரிங்க உடைச்சு ஃபைலோஎரித்ரின்னு ஒரு பொருளா மாத்தும், சாதாரணமா ஈரல் அத பித்தநீரோட வெளிய தள்ளிடும், வாய்க்கால் அடைச்சுட்டா அது ரத்தத்துல தங்கி தோலுக்கு வந்துடும், வெயில் பட்ட உடனே அங்க தோல் வெந்துபோகும். மூக்கு, காது, மடி, வெள்ள நிற தோல் இருக்கிற இடம் எல்லாம் வெடிச்சு உரியும். மாடு நிழல் தேடி ஓடும், தீனி எடுக்காது, மலம் கட்டிக்கும். வயிறு அசையாம நின்னுடுறதால தின்ன இலை உள்ளேயே கெடந்து விஷம் திரும்பத் திரும்ப இறங்கிக்கிட்டே இருக்கும், அதனாலதான் கால்நடை டாக்டருங்க ஆக்டிவேட்டட் கரித்தூள், இல்லன்னா பெண்டோனைட் களிமண்ண நிறைய கரைச்சு வாய் வழியா குடுத்து வயித்துலயே விஷத்த பிடிச்சு நிறுத்தப் பாப்பாங்க. இப்படி ஒரு சரக்க ஈரல் டானிக்குன்னு விக்கிறாங்க.

இந்த எண்ணம் எங்கேர்ந்து வந்திருக்கும்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு. ஓலியனோலிக் அமிலம்னு மேல சொன்னேன்ல, அது ஈரலுக்கு நல்லதுன்னு ஆய்வு நிறைய உண்டு, சீனாவுல ஈரல் மருந்தாவே புழக்கத்துல இருந்திருக்கு. உண்ணிச்செடி வேர்ல அது தாராளமா கிடைக்கும். அத படிச்சுட்டு யாரோ "உண்ணிச்செடி ஈரலுக்கு நல்லது"ன்னு எழுத, அத பாத்து இவங்க இலைச்சாற பாட்டில்ல அடைச்சுட்டாங்க போல. ஆனா லாண்டடீனுக்கும் ஓலியனோலிக் அமிலத்துக்கும் எலும்புக்கூடு ஒண்ணுதான், அஞ்சு வளையம் கோத்த அதே சட்டகம், மேல ஒட்டியிருக்கிற துண்டுங்கதான் வேற. அந்த சின்ன வித்தியாசத்துல ஒண்ணு ஈரல காக்குது, இன்னொண்ணு கவுக்குது. இன்னும் சொல்லப்போனா ஓலியனோலிக் அமிலமே கூட அளவு மீறினா எலிங்களுக்கு ஈரல் பாதிப்பு குடுத்திருக்கு. வேர்ல இருந்து பிரிச்சு சுத்தப்படுத்தி எடை போட்டு குடுக்கிற மருந்து வேற, இலைய ஊறவச்சு வடிச்ச சொட்டு வேற. இந்த பாட்டில் ஆல்கஹால் வாசனை வேற அடிக்குது, அதாவது லாண்டடீன் இறங்கி வர்றதுக்கு தோதான முறையிலதான் எடுத்திருக்காங்கன்னு சந்தேகப்பட வேண்டியிருக்கு. நான் ஒரு சொட்டு கூட வாயில வைக்கல, வைக்கவும் மாட்டேன்.

மனுஷங்களுக்கு மாட்டு அளவுக்கு ஆகுமான்னா, தகவல் கலவையா இருக்கு, அத நேர்மையா சொல்லணும். 1964ல அமெரிக்காவுல வந்த ஒரு மருத்துவ அறிக்கையில பச்சைக்காய தின்ன குழந்தைங்க பத்தி எழுதிருக்காங்க, அதுல ஒரு குழந்தை இறந்துடுச்சு. பின்னாடி 2010ல கலிஃபோர்னியா விஷ முறிவு மையத்து பதிவுகள்ல 600க்கு மேல கேஸ் எடுத்து பாத்தப்போ பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகல, ஆனவங்களுக்கும் லேசான வாந்தி வயித்துவலியோட போயிடுச்சு. ஆக எப்பவாவது ஒரு குழந்தை ரெண்டு பழத்த வாயில போட்டுச்சுன்னா பயந்து நடுங்க வேணாம், டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆனா தினமும் வெறும் வயித்துல, மாசக்கணக்கா, அளவு தெரியாத சாற குடிக்கிறது அந்த கேஸ் கிடையாது. ஏற்கனவே ஈரல் சரியில்லாதவங்கதான் இந்த மாதிரி பாட்டில தேடி வாங்குவாங்க, அத நினைச்சாத்தான் வயித்த பிசையுது.

இதுக்காக இந்த செடியில மருந்தே இல்லன்னு சொல்ல வரல. இருக்கு, நிறைய இருக்கு. இலைச்சாறு தடவின எலிங்களுக்கு காயம் சீக்கிரம் ஆறுச்சுன்னு ஆய்வு இருக்கு, கிருமிகள் மேல பலன் இருக்கு, லாண்டடீனோட கிளைய மாத்தி செஞ்ச பொருட்கள புற்றுநோய் செல்கள் மேல சோதிச்சிருக்காங்க, அந்த வேலை எல்லாம் ரொம்ப முக்கியமான வேலை. காடு காடா சும்மா கெடக்கிற செடியில இருந்து ஒரு நல்ல மருந்து வந்தா என்ன விட சந்தோஷப்படுற ஆள் கிடையாது. ஆனா தட்டுல இருக்கிற செல்லுக்கும் எலிக்கும் வேலை செஞ்சது மனுஷன் குடிக்கிற பாட்டில் ஆகுறதுக்கு நடுவுல நச்சு சோதனை, அளவு நிர்ணயம், மனுஷங்க மேல முறையான பரிசோதனைன்னு நீளமான வழி இருக்கு, அந்த வழியில ஒரு அடி கூட வைக்காம இவங்க நேரா கடைக்கு வந்துட்டாங்க.

பெட்டி மேல "ஒவ்வொரு பாட்டிலும் காட்ட காப்பாத்தும்"னு ஒரு வாசகம். கேக்க நல்லா இருக்கு, நானும் முதல்ல இதுக்காகத்தான் வாங்கினேன். ஆனா இலைய பறிச்சா உண்ணிச்செடி சாகாது, தண்டோட வெட்டினாலும் அடிக்கட்டையில இருந்து முன்ன விட அடர்த்தியா துளிர்க்கும். அத நிஜமா ஒழிக்கணும்னா மண்ணுக்கு கீழ, துளிர் கிளம்புற பகுதிக்கும் அடியில ஆணிவேர வெட்டி, செடிய தலகீழா கவுத்துப் போடணும், அப்புறம் சில வருஷம் புது நாத்து பிடுங்கிக்கிட்டே இருக்கணும், காலியான இடத்துல அந்த மண்ணோட செடி கொடிய நடணும். 1902லேயே ஹவாய்ல இத தின்னுற பூச்சிய மெக்சிகோவுல இருந்து கொண்டு வந்து விட்டாங்க, களைய பூச்சிய வச்சு கட்டுப்படுத்துற முன்னோடி முயற்சிகள்ல ஒண்ணு அது, அதுக்கப்புறம் எத்தனையோ நாடு எத்தனையோ பூச்சிய விட்டும் செடி இன்னும் இருக்கு. இவ்ளோ விஷம் வச்சிருந்தும் அத சாப்பிட்டு வாழுற பூச்சி இருக்குங்கிறதே எனக்கு பெரிய ஆச்சரியம், அது தனிக்கதை. கம்பெனி நிஜமாவே காட்டுக்கு உதவணும்னா வேரோட எடுத்த செடியில இருந்து மட்டும்தான் இலை வாங்குறோம்னு சொல்லட்டும், எந்த பகுதியில எடுத்தோம்னு போடட்டும். வருஷா வருஷம் அதே புதர்ல இலை பறிச்சா அந்த புதர் இவங்களுக்கு தோட்டம் ஆயிடும், அத அழிக்க யாருக்கு மனசு வரும்?

ஸ்ப்ரே ஏற்கனவே வாங்கி வச்சிருக்கிறவங்களுக்கு: குலுக்கி, வடிகட்டி, சாயங்காலம் வெயில் இறங்கின அப்புறம் இலை அடிப்பக்கமா அடிங்க. பூ விரிஞ்சிருக்கிற இடத்துல அடிக்காதீங்க, சோப்பு கலந்த எந்த கரைசலும் தேனீ மேல நேரா பட்டா அதுக்கு ஆகாது. பொறிவண்டு இருக்கிற கிளைய விட்டுடுங்க, அசுவினிய அது பாத்துக்கும். தண்ணி கலந்தத அன்னைக்கே காலி பண்ணுங்க, மறுநாளைக்கு வச்சா நெடியும் போயி நாத்தமும் வருது. ஆடு மாடு முயல் வளக்கிறவங்க, அடிச்ச செடிய அதுங்களுக்கு போடாதீங்க, முயலையும் இந்த விஷம் பாதிக்கும். கையுறை போட்டுக்கோங்க, முகத்துக்கு நேரா காத்து அடிக்கும்போது வேணாம்.

மார்க்: ஸ்ப்ரேக்கு 5க்கு 3, கொசு எண்ணெய்க்கு 2, சொட்டு மருந்துக்கு பூஜ்யம். எந்த பாகம், எந்த சால்வென்ட், லாண்டடீன் எத்தனை சதவீதம்னு மூணு தகவல் அடுத்த பேட்ச் லேபிள்ல வந்துச்சுன்னா ஸ்ப்ரேய தனியா திரும்ப வாங்கி, இதே ரிவ்யூ கீழ அப்டேட் போடுறேன்.